தடுப்பூசியும் தாயின் கூலியும்

இந்தியாவில் அரசு போடும் குழந்தைத் தடுப்பூசிக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. 1978-ல் தொடங்கி 1985-ல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக விரிந்த காலம் முதல் அது இலவசம்தான். ஆனால் 2005-06-ல் எடுக்கப்பட்ட மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வைப் புரட்டினால், பள்ளிக்கே போகாத தாய்மாரின் குழந்தைகளில் 26 சதவீதம் பேருக்குத்தான் அடிப்படைத் தடுப்பூசிகள் எல்லாம் போடப்பட்டிருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் படித்த தாய்மாரின் குழந்தைகளில் அது 75 சதவீதம். வீட்டு வசதியை வைத்துப் பார்த்தாலும் இதே கதை: அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் 24 சதவீதம், மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கில் 71. எல்லோருக்கும் ஒரே மருந்து, யாருக்கும் விலை கிடையாது. பிறகு ஏன் தாயின் படிப்பும் வருமானமும் குழந்தைக்கு ஊசி கிடைப்பதைத் தீர்மானிக்கின்றன? பழகிப்போன பதில் ஒன்று இருக்கிறது: படிக்காதவர்களுக்கு விவரம் தெரியாது, விழிப்புணர்வு ஊட்டினால் சரியாகிவிடும். இந்தப் பதில் பாதிகூட உண்மையில்லை என்பது என் வாதம். ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடிக்கத் தேவையான வேலைகளில் எத்தனையைச் சுகாதாரத் துறை தானே செய்கிறது, எத்தனையைத் தாயிடம் தள்ளிவிடுகிறது என்பதைப் பொறுத்தே தாயின் நிலைமை குழந்தையைத் தொடுகிறது. தள்ளிவிடப்படும் வேலை கூடக் கூட, அதைச் செய்து முடிக்கப் படிப்பும் பணமும் ஓய்வும் உள்ளவர்களால்தான் முடிகிறது.

தாயின் படிப்புக்குத் தனி வலிமை உண்டு என்பதை முதலில் உரத்துச் சொன்னவர் ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல். நைஜீரியத் தரவுகளை வைத்து 1979-ல் அவர் எழுதிய கட்டுரை, குழந்தைகள் பிழைப்பதற்குக் குடும்ப வருமானத்தைவிட, தகப்பனின் தொழிலைவிடத் தாயின் பள்ளிப்படிப்பே பெரிய காரணம் என்றது. படித்த பெண் விதியே என்று இருக்கமாட்டார், மருத்துவமனையில் பேசத் தயங்கமாட்டார், வீட்டுப் பெரியவர்களின் சொல்லுக்கு எதிராகவும் முடிவெடுப்பார் என்பது அவர் கண்ட விளக்கம். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் சொனால்டே தேசாயும் சௌம்யா ஆல்வாவும். 22 நாடுகளின் தரவுகளை அலசி 1998-ல் அவர்கள் எழுதியது வேறொன்றைக் காட்டியது. படித்த தாய் பெரும்பாலும் வசதியான வீட்டில், தண்ணீரும் சாலையும் உள்ள ஊரில் இருக்கிறார். அந்த வசதிகளைக் கணக்கில் எடுத்துவிட்டால், சிசு மரணத்திலும் குழந்தையின் வளர்த்தியிலும் படிப்பின் பங்கு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் தடுப்பூசியில் மட்டும், ஏறக்குறையப் பாதி நாடுகளில், எல்லாவற்றையும் கழித்த பிறகும் தாயின் படிப்பு தனியாக நின்றது. இந்த விதிவிலக்கை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குழந்தையின் உயரம் வீட்டுச் சோற்றையும் ஊர்த் தண்ணீரையும் பொறுத்தது. தடுப்பூசியோ ஓர் அரசு அமைப்போடு திரும்பத் திரும்பப் பழகி வாங்க வேண்டியது. அந்தப் பழக்கத்தைத்தான் பள்ளிக்கூடம் கற்றுத்தருகிறது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பிறந்தவுடன் ஒரு முறை; பிறகு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில்; ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா; பதினாறு மாதத்துக்குப் பிறகு மறுபடியும். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கூலிக்குப் போகும் தாய்க்குப் புதன்கிழமையும் வேலை நாள்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கோ அங்கன்வாடிக்கோ போய், கூட்டத்தில் உட்கார்ந்து திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. ஐந்து நோய்களுக்கான ஊசியைத் தொடையில் போட்டால் அன்றிரவு காய்ச்சல் வருவது வழக்கம். குழந்தை அழுதால் மறுநாள் கூலியும் போகும். இலவசம் என்ற சொல் இந்த இரண்டு நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. தட்டம்மை-ரூபெல்லா மருந்து பொடியாக ஒரு குப்பியில் வருகிறது. ஒரு குப்பி பல குழந்தைகளுக்குக் காணும். திரவம் சேர்த்துக் கலக்கிவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடித்து மிச்சத்தைக் கழித்துவிட வேண்டும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்றுதான் விதி இருக்கிறது. ஆனாலும் மருந்து வீணானால் கணக்குக் கேட்பார்களே என்ற தயக்கத்தில், ‘இன்னும் நாலு பிள்ளை வரட்டும், அடுத்த வாரம் வாம்மா’ என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது. விதி தெரிந்த, எதிர்த்துக் கேட்கத் துணிந்த தாய் ஊசி போட்டுக்கொண்டுதான் நகர்வார். மற்றவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். அடுத்த வாரம் களையெடுப்பு இருந்தால் வரமாட்டார். பின்னால் வரும் கணக்கெடுப்பில் இந்த இருவரின் வேறுபாடு ‘தாயின் கல்வி’ என்ற தலைப்பின் கீழ் பதிவாகும். நடந்தது என்னவோ குப்பி திறக்கப்படாததுதான்.

தடுப்பூசி தவறுவதற்கு அறியாமைதான் காரணம் என்றால் இரண்டு விஷயங்களை விளக்கவே முடியாது. ஒன்று, பிறப்பு வரிசை. நான்காவது குழந்தையைப் பெற்ற தாய்க்கு முதல் குழந்தையைப் பெற்ற தாயைவிடத் தடுப்பூசி பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று முறை அந்த வழியில் போய்வந்தவர் அவர். ஆனால் பிறப்பு வரிசை கூடக் கூடத் தடுப்பூசி குறைந்துகொண்டே போவதைத்தான் ஆய்வுகள் காட்டிவந்திருக்கின்றன. பிள்ளைகள் அதிகமுள்ள வீடுகள் பெரும்பாலும் ஏழை வீடுகள் என்பது இதில் ஒரு பங்கு. மீதிப் பங்கு, வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாத மூன்று பிள்ளைகள். மற்றொன்று, பெண் குழந்தை. 2005-06 ஆய்வில் ஆண் குழந்தைகளில் 45.3 சதவீதத்தினர் எல்லாத் தடுப்பூசியும் பெற்றிருந்தார்கள். பெண் குழந்தைகளில் 41.5 சதவீதம். பிறந்தது பையனா பெண்ணா என்பதைப் பொறுத்துத் தாயின் அறிவு மாறுவதில்லை. மாறியது, அந்தக் குழந்தைக்காக ஒரு நாள் கூலியையும் பேருந்துக் காசையும் விட்டுக்கொடுக்க வீடு சம்மதித்ததா என்பது. அந்தச் சம்மதம் பல வீடுகளில் மாமியாரிடமும் கணவரிடமும் இருக்கிறது. பதினெட்டு வயதில் புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணிடம் விழிப்புணர்வுத் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயமாகாது. இந்த ஆண்-பெண் இடைவெளி பிற்கால ஆய்வுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்டது என்பது மனதுக்கு நிறைவான செய்தி.

வேலைச் சட்டமும் இந்தக் கணக்கில் வருகிறது. 2017-ல் மகப்பேறு பலன்கள் சட்டம் திருத்தப்பட்டபோது சம்பளத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமானது. ஆறு, பத்து, பதினான்காம் வார ஊசிகள் அந்த விடுப்புக்குள் அடங்கிவிடும். ஒன்பதாம் மாத ஊசி அடங்காது. அதுவும் முறைசார்ந்த வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். வயலிலும் கட்டடத்திலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்களுக்கு, அதாவது உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு, அந்த விடுப்பு எட்டாத இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வரும் ஒடிசாப் பெண்ணின் நிலை இன்னும் மோசம். அவருடைய பெயர் எந்தக் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டிலும் நிலையாக இருப்பதில்லை. ஒடியா மொழித் தடுப்பூசி அட்டையை இங்கே படிக்க ஆளில்லை. சூளை முடிந்து ஊர் திரும்பினால் தமிழ் அட்டையை அங்கே படிக்க ஆளில்லை.

தாயின் நிலைமை மாறாமலேயே இந்த இடைவெளியை மூட முடியுமா? முடியும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதே 2005-06 ஆய்வில் அந்த மாநிலத்தில் எல்லாத் தடுப்பூசியும் பெற்ற குழந்தைகள் வெறும் 23 சதவீதம். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியை மூன்று தவணையும் முடித்தவர்கள் 30 சதவீதம். ஆனால் போலியோ சொட்டு மருந்தை மூன்று தவணையோ அதற்கு மேலோ பெற்றவர்கள் 87 சதவீதத்துக்கும் அதிகம். அதே தாய்மார், அதே வறுமை, அதே எழுத்தறிவின்மை, அதே குழந்தைகள். வேறுபாடு ஒன்றே: சொட்டு மருந்து வீடு தேடி வந்தது, ஊசியைத் தேடித் தாய் போக வேண்டியிருந்தது. ரயில் நிலையத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் திருவிழாவிலும் ஆட்கள் நின்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் நோயுற்றவரே, நாட்டில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி. 2014 மார்ச்சில் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றது எனச் சான்று பெற்றது. சொட்டு மருந்து மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, மற்றதெல்லாம் ஏன் வரவில்லை என்று அங்குள்ள மக்கள் கேட்டதும் உண்டு. மிகச் சரியான கேள்வி அது.

இலங்கையின் மலையகத் தோட்டங்கள் இன்னொரு பக்கத்திலிருந்து இதையே சொல்கின்றன. தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் அந்த நாட்டின் மிக ஏழைகளில் அடங்குவர். 2016-ல் எடுக்கப்பட்ட ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப் பகுதியில் ஏறக்குறைய 32 சதவீதம். பசியிலும் வளர்ச்சியிலும் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும் இடத்தில், தடுப்பூசியில் அப்படி ஓர் இடைவெளி இல்லை. காரணம், குடும்ப நல உத்தியோகத்தர் என்று அழைக்கப்படும் மருத்துவிச்சி. கர்ப்பத்திலிருந்தே பெயர் பதிந்து, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து பார்த்து, கிளினிக் நாளுக்கு வராவிட்டால் தேடி வருபவர் அவர். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் வறுமையை அவரால் நீக்க முடியவில்லை. அந்த வறுமை ஊசியைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ள முடிந்திருக்கிறது. வங்கதேசத்திலும் 1980-களின் நடுவில் 2 சதவீத அளவில் இருந்த தடுப்பூசி 2014-ல் 84 சதவீதத்தைத் தொட்டதற்கு, கிராமத்துக்குள்ளேயே ஒரு வீட்டு முற்றத்தில் மாதந்தோறும் முகாம் நடத்திய முறைதான் அடிப்படை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையே தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 64 சதவீதத்திலிருந்து 73 சதவீதத்துக்கு உயர்ந்தது. தாயின் படிப்பே எல்லாம் என்றால் தடுப்பூசியும் ஏறியிருக்க வேண்டும். ஆனால் தேசிய குடும்ப நல ஆய்வின்படி முழுத் தடுப்பூசி 2005-06-ல் 81 சதவீதம். 2015-16-ல் 70 சதவீதம். இடையில் நடந்தது என்ன? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்துபோயின. அதன்பின் ஊருக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே போடுவது என்று அரசு முடிவெடுத்தது. பாதுகாப்பை எண்ணி எடுத்த முடிவுதான். குழந்தைகள் இறந்த பிறகு அப்படி எண்ணாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தத் தூரம் முழுவதும் தாய்மாரின் கால்களுக்கு மாற்றப்பட்டது. 2015-16-ன் எண் வீழ்ச்சியைச் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2015-ல் எடுத்த ஆய்வு அதைவிடக் கூடுதலாகவே காட்டியது. இருந்தாலும் ஒரு தலைமுறைப் பெண்கள் கூடுதலாகப் படித்த பத்தாண்டில் தடுப்பூசி ஏறவில்லை என்பது அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் நிற்கிறது. 2019-21 ஆய்வில் அது 89 சதவீதத்துக்கு மீண்டது.

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் அமைப்போடு சேர்ந்து பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் 134 கிராமங்களில் நடத்தி 2010-ல் வெளியிட்ட சோதனை இந்த வாதத்துக்கு அளவு கொடுக்கிறது. வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த கிராமங்களில் முழுத் தடுப்பூசி 6 சதவீதம். சொன்ன நாளில் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18 சதவீதம். முகாமோடு, ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும் எல்லாம் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39 சதவீதம். ஒரு கிலோ பருப்பு யாருடைய கொள்கையையும் விலைக்கு வாங்காது. போன கூலியில் ஒரு பகுதியை அது திருப்பித் தந்தது, அவ்வளவே. கூட்டம் கூடியதால் செவிலியரின் நேரம் வீணாகாமல், ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட ஆன செலவும் பாதியானது. நிகராகுவாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையோடு பணம் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தவர்களும், மருத்துவ நிலையத்துக்குத் தொலைவில் வாழும் குழந்தைகளுக்கும் குறைவாகப் படித்த தாய்மாரின் குழந்தைகளுக்கும்தான் அதனால் மிகுந்த பலன் என்று கண்டார்கள். அந்தத் தாய்மார் யாரும் பள்ளியில் கூடுதலாக ஒரு வகுப்பும் படிக்கவில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது கேரளத்திலிருந்து எழுகிறது. பெண் கல்வியில் முன்னணி மாநிலம். சுகாதார நிலையமும் அருகில் உண்டு. அப்படியிருந்தும் 2015-16-ல் 82 சதவீதமாக இருந்த முழுத் தடுப்பூசி 2019-21-ல் 78 சதவீதமாகக் குறைந்தது. 2016-ல் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் படித்த, வசதியான பெற்றோர் பலர் தடுப்பூசியிலிருந்து விலக்குக் கேட்டதும், தட்டம்மைப் பரவலுக்குப் பின் 2015-ல் அந்த மாநிலம் சொந்த நம்பிக்கை சார்ந்த விலக்கையே ரத்து செய்ததும் தெரிந்ததே. தமிழ்நாட்டிலும் 2017 தட்டம்மை-ரூபெல்லா இயக்கத்தின்போது வாட்ஸ்ஆப் வதந்தி பரவி, இயக்கத்தின் கால அளவை நீட்டிக்க வேண்டிவந்தது. அப்படியானால் மனமும் நம்பிக்கையும்தானே காரணம் என்று கேட்கலாம். ஓர் இடத்தில் உண்மை. ஆனால் மறுப்பது ஒன்று, தவறவிடுவது வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரில் எழுதக்கூடாது. மறுப்பவர் ஊசியை எட்டிப்பிடிக்கக்கூடிய இடத்தில் நின்று வேண்டாம் என்கிறார். அவரிடம் பேச வேண்டும், பொறுமையாக, மருத்துவர்கள் மூலம். தவறவிடுபவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. முதலாமவருக்கு எழுதிய மருந்தான விழிப்புணர்வுப் பிரச்சாரத்தை இரண்டாமவருக்குக் கொடுத்துவருவதுதான் பல ஆண்டுப் பிழை. உலக அளவிலும் தவறவிடுபவர் பக்கமே எடை கூடுதல்: யுனிசெஃப்பின் 2023 அறிக்கைப்படி, மிக ஏழைக் குடும்பங்களில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு ஒரு தடுப்பூசிகூடப் போடப்படவில்லை, மிக வசதியான குடும்பங்களில் இருபதில் ஒன்று.

எண்களின் மேல் ஒரு சந்தேகமும் நியாயமானது. அட்டை இல்லாத வீட்டில் ஆய்வாளர் தாயின் நினைவைத்தான் கேட்டு எழுதுகிறார். படித்த தாய் அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார், மருந்தின் பெயரையும் சொல்வார். படிக்காதவர் ‘ஏதோ தொடையில போட்டாங்க’ என்பார். ஆகவே இடைவெளியில் ஒரு பகுதி காகிதத்தின் இடைவெளியாக இருக்கலாம். ஆனால் தட்டம்மையும் தொண்டை அடைப்பானும் அட்டையைப் பார்த்து வருவதில்லை; அட்டை தொலைந்த குழந்தைக்கு அடுத்த தவணை எது என்று யாருக்கும் தெரியாமல் போவதும் உண்மையான இழப்புதான்.

இடைவெளிதான் மூடிவருகிறதே, இனி என்ன கவலை என்பது மற்றொரு மறுப்பு. 2014 டிசம்பரில் தொடங்கிய இந்திரதனுஷ் தடுப்பூசி இயக்கம் செங்கல் சூளை, கட்டடத் தளம், நாடோடிக் குடியிருப்பு என்று தேடிப்போனது. 2019-21-ல் நாட்டின் முழுத் தடுப்பூசி 76 சதவீதத்தை எட்டியது. உத்தரப் பிரதேசம் 70-ஐத் தொட்டது. இந்த முன்னேற்றம் என் வாதத்துக்கு எதிரானதல்ல, அதற்கான சான்றே. 23-லிருந்து 70-க்குப் போக உத்தரப் பிரதேசத் தாய்மார் எல்லோரும் பட்டதாரிகளாக வேண்டியிருக்கவில்லை. அதே ஆய்வில் கிராமங்கள் 76.8 சதவீதம், நகரங்கள் 75.5 என்று வரிசை மாறியது இன்னும் கூர்மையான செய்தி. கிராமத்தில் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போய்ப் பெயர் சொல்லி அழைக்கிறார். நகரத்துக் குடிசைப் பகுதியில் பெரியாஸ்பத்திரி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் தாயைப் பெயர் சொல்லி அழைக்க ஆளில்லை. நகரத்து ஏழைத் தாய்மாருக்கு ஞாயிறு முகாமும் மாலை முகாமும் எப்போதாவது நடக்கும் சிறப்பு நிகழ்ச்சியாக இல்லாமல், வாராந்தர ஏற்பாடாக வேண்டும்.

காசு கொடுத்து ஊசி போடவைப்பது தாயின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று சொல்பவர்களும் உண்டு. கூலியை இழந்து கடமையைச் செய் என்று சொல்வதைவிட இது கண்ணியக் குறைவானதாக எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாடு இதை 1987 முதலே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி மூலம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2018 முதல் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய்; அதன் பிந்தைய தவணைகள் குழந்தையின் தடுப்பூசியோடு பிணைக்கப்பட்டவை. நல்ல திட்டம், சரியான பிணைப்பு. ஆனால் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும், தாய்க்குப் பத்தொன்பது வயது நிறைந்திருந்தால் மட்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. மூன்றாவது பிள்ளை பெற்றவரும் பதினெட்டில் தாயானவரும் யார்? தடுப்பூசி தவறும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுபவர்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவும் இளவயதுத் திருமணத்தைத் தடுப்பதற்காகவும் வைத்த நிபந்தனை இது என்பது புரிகிறது. ஆனால் பிறந்துவிட்ட குழந்தைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. திட்டத்தின் மற்றத் தொகைகளை அப்படியே விட்டுவிட்டு, தடுப்பூசியோடு பிணைந்த தவணைகளை மட்டுமாவது எல்லாப் பிரசவத்துக்கும், எல்லா வயதுத் தாய்க்கும், வெளிமாநிலத்திலிருந்து வந்து சூளையில் வேலை செய்பவருக்கும் தரலாம். அதற்குப் புதுத் துறை வேண்டாம், புதுப் பணியாளர் வேண்டாம். ஓர் அரசாணை போதும்.